தொட்டியைக் கழுவாதீர்கள், தண்ணீரை மாற்றுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கற்களை அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கண்ணாடி பளபளக்கும். ஓரிரு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒவ்வொன்றாய்ச் சாகும். மீன் வளர்ப்பது நமக்கு ராசியில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படிக் கழுவியதுதான் காரணம்.

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது, ஆகவே தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் மட்டும் அளவோடு இருந்தால் பாதகமில்லை. இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் வாழ்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினால் மீனைக் காப்பாற்றும் கூட்டமே சாக்கடைக்குப் போய்விடும்.

முதலில், உங்கள் வீட்டுத் தண்ணீர் எது?

சென்னையில் ஒரே தெருவில் மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர் இரண்டும் புழங்குகின்றன. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கையாள வேண்டும்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளையோ அது அரித்துவிடும். அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். ஏர் பம்ப் ஓட்டினால் இன்னும் நல்லது. அவசரமென்றால் மீன் கடைகளில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தைப் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் கலக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் சம்ப்பையோ மேல்நிலைத் தொட்டியையோ பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாட்களை மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதையடுத்த சில நாட்களுக்குக் குழாய்த் தண்ணீரைத் தொட்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பும் கடினத்தன்மையும் உண்டு. தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். கடலோரப் பகுதிகளில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். கப்பி, மோலி போன்றவை அதில் சுகமாக இருக்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை வாடும். தண்ணீரை மீனுக்காக மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, வண்ண மீன் கடைகள் உள்ள கொளத்தூருக்குப் போய் உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்கி வருவதே புத்திசாலித்தனம் என்பேன். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புவதும் தவறு. அதில் தாதுக்கள் அநேகமாக இல்லாததால் பி.எச். நிலைகுலைந்து திடீரென இறங்கிவிடும். வேண்டுமானால் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

மீன் வருவதற்கு முன்

புதுத் தொட்டியை வைத்த அன்றே மீன் விடக் கூடாது. தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இருப்பதுபோல் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். தீனி அழுகி வரும் அம்மோனியாதான் அந்த நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போட்டால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிகிறதென்றால் தொட்டி தயார். அப்போதும் இரண்டு மூன்று மீன்களோடு தொடங்குங்கள்.

இந்தப் பொறுமை நம் ஊரில் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவில் இருப்பது சுமார் அரை சதவீதம்தான். பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி ஆகும்போது அது ஏழெட்டு சதவீதமாக ஏறிவிடுகிறது. மே மாதத்துப் போர் தண்ணீர் ஏறக்குறைய இந்த இரண்டாவது நிலையில்தான் இருக்கும். போதாததற்கு, சூடான தண்ணீரில் பிராணவாயுவும் குறைவாகவே கரையும்.

வாரம் ஒரு வாளி

நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் தொட்டியின் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஏறக்குறைய 54 லிட்டர்; கல்லையும் மேல் இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் தண்ணீர். வாரத்துக்கு ஒரு முறை அதில் கால் பங்கு, அதாவது ஒரு வாளி மாற்றினால் போதும். சைஃபன் குழாயைக் கூழாங்கற்களுக்குள் செருகிச் செருகி எடுத்தால் அடியில் தங்கிய கழிவும் தண்ணீரோடு வந்துவிடும். ஒரு வாரம் பாதித் தரை, அடுத்த வாரம் மீதித் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றப்போகும் தண்ணீர் தொட்டித் தண்ணீரின் சூட்டிலேயே இருக்க வேண்டும். கோடையில் நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கொதித்து வருவதை அப்படியே ஊற்றாதீர்கள். முந்தின இரவே பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

ஃபில்டர் ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வரத்து குறையும்போது மட்டும் அதைச் சுத்தம் செய்யலாம். சைஃபனில் எடுத்த அதே தண்ணீரில் இரண்டு பிழி, அவ்வளவுதான். சோப்பு கூடவே கூடாது. தரையை நன்றாகச் சுத்தம் செய்த வாரத்தில் ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள்.

இரவில் சத்தம், கரண்ட் பில் என்று ஃபில்டரை அணைக்கும் வீடுகள் ஏராளம். 5 வாட் மோட்டார் மாதம் முழுக்க ஓடினாலும் நான்கு யூனிட்டைத் தொடாது. அணைத்துவிட்டாலோ நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு கிடைக்காமல் போகும்.

தீனி, கூட்டம், கொசு மருந்து

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி, நாளைக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. வேலம்பாசியும், வேர் மட்டும் தண்ணீரில் நனையும்படி வைத்த மணி பிளாண்ட்டும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

அழுக்கைத் தின்னும் என்று சொல்லிக் கடைகளில் விற்கும் சக்கர் மீனை வாங்காதீர்கள். பாசியைக் கொஞ்சம் மேயும், உண்மைதான். ஆனால் அது போடும் கழிவு மிக அதிகம். ஓரடிக்கும் மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்பட்டவை தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வளர்க்க முடியாத எந்த மீனையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள்.

கொசு மருந்தை எவரும் கவனிப்பதில்லை. சுருள், திரவம், ஸ்பிரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சு இருக்கிறது. மனிதருக்குப் பெரிய தொந்தரவு தராத அளவே மீனைக் கொல்லும். ஏர் பம்ப்போ அறையின் காற்றை உறிஞ்சித் தொட்டிக்குள் செலுத்துகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசு வலை கட்டிக்கொள்ளுங்கள்.

மீன் மூச்சுக்குத் தவித்தால்

மருந்து வாங்க ஓடாதீர்கள். தீனியை நிறுத்தி, குளோரின் நீக்கிய தண்ணீரால் உடனே பாதியை மாற்றி, ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வையுங்கள். பிறகு டெஸ்ட் செய்து பாருங்கள். நைட்ரைட் தெரிந்தால் 10 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பைத் தனியே கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்; உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகும்வரை தினமும் கால் பங்கு மாற்றுங்கள்.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து மீண்டும் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருங்கள். பல மணி நேரம் நின்றிருந்த மூடிய ஃபில்டரை, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த மீன்கள் நான்கைந்து நாள் தீனியில்லாமல் இருந்துவிடும். அதற்கும் மேலென்றால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர் மாற்றிவிட்டு, ஒருநாள்விட்டு ஒருநாளைக்குரிய தீனியைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். டப்பாவை மட்டும் கொடுக்காதீர்கள், பாவம் பார்த்து அள்ளிப் போட்டுவிடுவார்கள்.