ஈரற் புற்றுநோய்: ஒரு வைத்தியர் போதுமா?

அலவத்துகொடையில் ஒரு தகப்பனாருக்கு ஈரலில் கட்டி என்று ஸ்கானில் தெரியவருவதாக வைத்துக்கொள்வோம். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று வீட்டார் அழத் தொடங்குவர். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அவரை எத்தனை துறை நிபுணர்கள் பார்த்தார்கள்?

ஈரற் புற்றுநோய் பெரும்பாலும் இரு நோய்களின் கூட்டு. கட்டி ஒன்று, அது முளைத்த, முன்னரே சுருங்கிக் கெட்ட ஈரல் மற்றொன்று. கட்டியை வெட்டினால் எஞ்சும் ஈரல் தாங்குமா? இதைச் சத்திரசிகிச்சை நிபுணர் தனித்துத் தீர்மானிப்பது கடினம். ஈரல், கதிர்ப்படம், புற்றுநோய் ஆகிய துறைகளின் நிபுணர்களும் கூடியிருந்து ஆராய வேண்டும். வெட்டுவதா, ஊசி செலுத்திச் சுட்டழிப்பதா, இரத்தக்குழாய் வழியே மருந்து கொடுப்பதா, மாற்றீரல் பொருத்துவதா என்பது அங்கேயே முடிவாகும். இவ்வாறு கூடி ஆராயப்பட்ட நோயாளர் கூடுதல் காலம் வாழ்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இத்தாலியின் மிலான் நகர வைத்தியர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத தனிக்கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை உள்ளவர்களைத் தெரிந்தெடுத்து ஈரல் மாற்றினர். நான்கு ஆண்டுகளின் பின்னும் நாலில் மூன்று பங்கினர் உயிர்வாழ்ந்தனர். நம் நாட்டிலும் ராகமை போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் சிகிச்சை நடைபெற்றுள்ளது.

ஆகவே, குடும்பத்தார் செய்யவேண்டியவை:

1. கண்டி அல்லது பேராதனை வைத்தியசாலை நிபுணரிடம் செல்லக் கடிதம் கேளுங்கள்.

2. எல்லா அறிக்கைகளையும் ஒரே உறையில் கொண்டுசெல்லுங்கள்.

3. கைவைத்தியத்தில் மாதங்களைக் கழிக்காதீர்கள்.

4. ஈரல் சுருக்கமுள்ளவர், நோவு இல்லாவிடினும், ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான் செய்யட்டும்.

கட்டி சிறிதாயிருக்கும்போதே நிபுணர்களுக்குத் தெரிவு செய்யப் பல வழிகள் இருக்கும். பிந்தினால் அவை ஒவ்வொன்றாய் அடைபடும்.