மடையும் இணையமும்

முல்லைப் பெரியாற்று நீர் 1895ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பள்ளத்தாக்கிற்கு வருகின்றது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயல்கள் அதனால் விளைகின்றன. தலைமடையில் திறந்த நீர் கடைமடையை உடனே அடைவதில்லை. வயல் காய்ந்த செய்தி கேட்டு முழுதும் திறந்து, நிரம்பிய செய்தி கேட்டு முழுதும் அடைத்தால், வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும். உழவர் அறிந்த இவ்வுண்மை இணையத்திற்கும் பொருந்துமாற்றை ஈண்டுக் காண்போம்.

இணையத்தில் செய்திகள் சிறுசிறு பொதிகளாகச் செல்கின்றன. பாதைகள் கூடுமிடத்தில் அவற்றை உரிய திசையில் அனுப்பும் கருவி வழிச்செலுத்தி எனப்படும். பொதிகள் மிகுந்தால் அதனுள் வரிசையில் காத்திருக்கும். வரிசை நிரம்பினால் மேலும் வருபவை கைவிடப்படும். கைவிடப்பட்டவற்றைக் கணினிகள் மீண்டும் அனுப்ப, நெரிசல் மேலும் பெருகும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், 400 கெஜத் தொலைவே உடைய இரு நிலையங்களுக்கிடையே, நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த ஓட்டம் 40 பிட்டாகச் சுருங்கியது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் ஒரு நெறி வகுத்தார். பொதி தொலைந்தால் அனுப்பும் கணினி தன் வேகத்தைச் சட்டெனக் குறைக்கவேண்டும். பின்னர் மெல்ல மெல்லக் கூட்டவேண்டும் என்பதே அது.

ஆயினும், வரிசை வழிந்தபின் கிட்டும் அறிவிப்பு காலங்கடந்ததன்றோ? ஆதலின் 1993இல் சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும், வரிசை நிரம்புமுன்பே சில பொதிகளை மட்டும் கைவிட்டு எச்சரிக்கும் முறையை அமைத்தனர். எத்தனை பொதிகளைக் கைவிடுவது என்னும் வினாவிற்கு, 2001இல் ஹாலட், விஷால் மிஸ்ரா முதலியோர் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் துணையால் விடை கண்டனர். இருக்கவேண்டிய வரிசைக்கும் இருக்கின்ற வரிசைக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. அவ்வேறுபாடு காலப்போக்கில் திரண்ட தொகை மற்றொன்று. இவ்விரண்டையும் அளந்து எச்சரிக்கையைக் கூட்டியும் குறைத்தும் வந்தால் வரிசை நிலைபெறும். செய்தி சென்று திரும்பும் காலம் நீளநீளத் திருத்தம் மென்மையாதல் வேண்டும் என்பதும் அக்கோட்பாடு உணர்த்துவதாகும். இல்லையேல் ஓட்டம் ஊசலாடும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஆர். ஸ்ரீகாந்த், இணைய நெரிசலின் கணிதம் பற்றி 2004இல் ஒரு நூலே எழுதினார்.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கம்பத்து மாணவனுக்கும் போடி மாணவிக்கும் பயன்படுவது இக்கணிதமே. ஒருவரே பாதையை அடைத்துக்கொண்டால் ஏனையோர் காத்துக் கிடப்பர். கடைமடைக்கும் நீர் சேர்ந்தால்தான் பாசனம் நேர்மையானது என்பர் நம் பெரியோர். காலத்தே கூறும் மெல்லிய சொல், காலங்கடந்து தரும் கடுந்தண்டனையினும் பயன் மிக்கது. இஃது ஆற்றுக்கும் இணையத்திற்கும் மட்டுமன்று, இளைஞரை நெறிப்படுத்தும் நமக்கும் உரிய பாடமாகும்.