கண்ணாடியில் ஒரே ஒரு கோடு

கார்த்திகையில் எங்கள் பொம்மிடித் திண்ணையில் அகல் ஏற்றினால் காற்று அதை நிற்க விடாது. அதற்காகத்தான் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த விளக்குக் கூடு செய்ய ஆரம்பித்தேன். பரணில் கிடக்கும் பழைய சாமி படங்களின் சட்டக் கண்ணாடியே போதும். பெரும்பாலும் 2 மி.மீ. கனம்தான், கைப்பழக்கம் வரும்வரை இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது.

எந்தக் கண்ணாடியைத் தொடக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார்களின் பக்கக் கண்ணாடி, குளியலறைக் கதவுக் கண்ணாடி போன்றவை டஃபன்ட் வகை. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்தவை. அவற்றை வெட்ட முடியாது. முயன்றால் முழுப் பலகையும் பொடிச்சில்லாகச் சிதறிவிடும். பெரும்பாலும் மூலையில் ஒரு முத்திரை பதிந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வெட்டும் கட்டரின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு சக்கரம் ஒன்று இருக்கும். பொம்மிடியில் ரயில் ஏறிச் சேலம் போனால் ஹார்டுவேர் கடைகளில் வாங்கலாம். சக்கரத்தை மண்ணெண்ணெயிலோ தையல் மெஷின் எண்ணெயிலோ தொட்டுக்கொண்டு, துடைத்த கண்ணாடியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். இதில்தான் எல்லாமே இருக்கிறது. சன்னமாக, சீராக ‘சர்ர்’ என்று சத்தம் வந்தால் அழுத்தம் சரி. வெள்ளைப் பொடி தெறித்தால் அதிகம். கோடு மங்கலாக விழுந்தாலும் அதன் மேலேயே இன்னொரு முறை ஓட்டக்கூடாது. சக்கரமும் கெடும், விரிசலும் கண்டபடி ஓடும். ஸ்கேலை வெட்டும் அளவிலேயே வைக்காதீர்கள். சக்கரத்துக்கும் கட்டரின் பக்கத்துக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி இருக்கும், உங்கள் கட்டரை அளந்து அந்த அளவு தள்ளி வையுங்கள்.

கோடு போட்டதும் தாமதிக்காமல் உடையுங்கள். கோடு மேலே இருக்க, அதன் நுனிக்கு நேர் கீழே ஒரு தீக்குச்சி. இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினால் போதும், பலம் தேவையில்லை. கண்ணாடி உடைவதைத் தீர்மானிப்பது அதிலுள்ள நுண்ணிய விரிசல்கள்தான் என்று 1920-களின் தொடக்கத்தில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விளக்கினார். நாம் அப்படி ஒரு விரிசலை, வேண்டிய இடத்தில் வைத்துக் கொடுக்கிறோம். கூடியவரை நடுவில் பாதியாகப் பிரித்துக்கொண்டே போங்கள். ஓரத்தில் மெல்லிய பட்டையாக எடுத்தால் விரிசல் அந்தப் பக்கமே சாயும். அங்கே கட்டிங் பிளேயர் வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி என்றால் ரசம் பூசாத பக்கமும், பூப்போட்ட கண்ணாடி என்றால் வழவழப்பான பக்கமும்தான் கோடு போடும் பக்கம்.

விளிம்பை 120, பிறகு 220 எண் வாட்டர் பேப்பரால், தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தூள் நுரையீரலுக்குப் போகும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, காலுக்கு மூடிய செருப்பு கட்டாயம்.

கூட்டின் வெளி அளவு 12 செ.மீ. என்றால் இரண்டு துண்டு 12 செ.மீ., மற்ற இரண்டும் 11.6 செ.மீ. இருக்க வேண்டும், 2 மி.மீ. கனம் இருபுறமும் கழிகிறது. சிலிக்கான் பசையால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மேலே திறந்தும், அடியில் காற்றுக்குச் சிறு இடைவெளியோடும் இருக்கட்டும். சுடர் நடுவில் நிற்கவேண்டும். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும்.

மிச்சச் சில்லுகளைக் குப்பையோடு கலந்து போடாதீர்கள். கெட்டி அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லி ஒப்படையுங்கள்.