பாப்பா தலை சொடுக்குவதைப் படம் எடுத்து வை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகிறது. தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று கவிழ்ந்து இரண்டு கையும் விரிகிறது, சில நொடி விட்டு மறுபடியும் அதேபோல் வருகிறது என்று எழுதியிருந்தாய். பாட்டி வயிற்றுவலி என்கிறார். உரம் எடுத்தும் பார்த்தாயிற்றாம்.

வலிப்பு என்றால் நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுக்கும் என்றுதான் நினைக்கிறோம். கைக்குழந்தைக்கு இப்படிச் சொடுக்குவதாகவும் அது வரலாம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தொடங்கும். தூங்கி எழும் நேரத்தில் கொத்துக்கொத்தாக வரும். வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் மூளையின் மின்னோட்டம் தாறுமாறாக ஓடும். பிள்ளை முகம் பார்ப்பதும் சிரிப்பதும் மெல்லக் குறையும். ஸ்டீராய்டோ விகாபாட்ரினோ சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடுதல். வேறு காரணமாகவும் இருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

டாக்டர் எதிரே உட்காரும் அந்த ஐந்து நிமிஷத்தில் சொடுக்கு வராது. அதனால் நீ செல்போனில் எடுத்து வை. போர்வையை விலக்கி, முகம், இரண்டு கை, கால் எல்லாம் தெரியும்படி, வெளிச்சத்தில் எடு. எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை தடவை, நடுவில் அழுதாளா என்று ஒரு நோட்டில் எழுது. அக்கா பதற்றத்தில் பாதியைச் சொல்லாமல் விடுவாள். உன் நோட்டு விடாது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பஸ் ஏறினால் விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு நாளைக் காலையே போங்கள். மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. எடுக்க வேண்டுமா என்று கேட்கத் தயங்காதே. குழந்தை நரம்பியல் நிபுணரிடம் காட்டச் சொன்னால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் அதற்கென்றே தனித்துறை உண்டு. அந்த நிபுணர்கள் குழந்தை மருத்துவம் படித்து முடித்து, அதற்கு மேலும் மூன்று வருஷம் இதையே படித்தவர்கள். எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்கள். அதனால்தான் அனுப்புகிறார்கள்; கைவிட்டுவிட்டார்கள் என்று அக்கா அழ வேண்டாம்.

இன்னொன்றும் கவனி. ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை எப்போதும் ஒரே கையால்தான் பொம்மையை எடுக்கிறது என்றால், இடக்கைப் பிள்ளை, புத்திசாலி என்று கொண்டாடாதே. மற்றக் கை பலவீனமாக இருக்கலாம். பொம்மையை அந்தப் பக்கமாக நீட்டிப் பார். எட்டிப் பிடிக்கிறாளா என்று தெரிந்துவிடும். தாமதமாக வளரும் பிள்ளைகளுக்குப் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் தரும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் மாவட்டந்தோறும் இருக்க வேண்டும் என்பது 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் ஏற்பாடு. அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமே கேட்கலாம்.

கைகால் வெட்டும் வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவை. வாயில் கரண்டி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் எதுவும் நிற்காது. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவிக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108ஐக் கூப்பிடு.

மருந்து எழுதிக் கொடுத்தபின் சொடுக்கு நின்றுவிட்டது என்று சிரப்பை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாட்டில் தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உன் பெரியக்கா