தகரக் கூட்டுக்குள் நனையும் தேர்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரம் ஊர் கொள்ளாத கூட்டம். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைச் சேவிக்க வந்தவர்கள் அவர்கள். 1979-க்குப் பிறகு அப்போதுதான் அவர் வெளியே வந்தார். அத்தி மரத்தில் செய்த திருமேனி நாற்பது ஆண்டுகள் நீருக்கடியில் இருந்திருக்கிறது. பக்தர்களுக்கு அது பெருமாளின் மகிமை. மரவேலை செய்பவர்களுக்கு அதில் இன்னொரு சேதியும் உண்டு. மரம் மக்குவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமல்ல.

இந்தச் சேதி தேர்களுக்குத்தான் மிகவும் தேவைப்படுகிறது. வரதராஜப் பெருமாளுக்கு வைகாசியில் தேர், ஏகாம்பரநாதருக்குப் பங்குனியில். தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்ததும் தேர்ச்சீலை, தொம்பை, மூங்கில் சாரம் எல்லாம் இறங்கிவிடும். மிஞ்சுவது சிற்பங்கள் நிறைந்த மர உடல். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அதைத் தகரத்தாலோ பாலிகார்பனேட் தகட்டாலோ மூடிப் பூட்டிவிட்டு, அடுத்த திருவிழாவுக்குத்தான் திறக்கிறார்கள். ஆண்டில் ஓடுவது ஓரிரு நாள். மற்ற நாளெல்லாம் நின்றபடியே இருக்கும் தேருக்கு அந்த நாட்களில்தான் சேதம் நேர்கிறது.

“மழைத்துளி படாமல் இறுக மூடிவிட்டால் போதும்” என்பது ஊர்தோறும் கேட்கும் பேச்சு. பாதிதான் சரி. மரத்தைத் தின்பது பூஞ்சணம். அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், இதமான வெப்பமும் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை பூஞ்சணத்தால் ஒன்றும் செய்ய முடியாது. 30 சதவீதத்தை ஒட்டி நீண்ட காலம் நின்றால் மரம் உள்ளிருந்து பஞ்சாகும். முழுக்க மூழ்கிய மரத்தில் காற்றுக்கு வழியில்லை. வெனிஸ் நகரத்துப் பழைய கட்டடங்கள் சேற்றில் அடித்த மரக்கால்கள் மேல் நூற்றாண்டுகளாக நிற்பது அதனால்தான். பாதி நனைந்து, பாதி காய்ந்து, புழுங்கிக் கிடக்கும் மரத்துக்குத்தான் ஆபத்து. இறுக மூடிய தகரக் கூடு மரத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்த நிலையில்தான்.

கூட்டுக்குள் ஈரம் எப்படி வந்தது? கூரை ஒழுகவில்லையே என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஊறிய மண்ணிலிருந்து ஈரம் ஆவியாக மேலே ஏறுகிறது. இரவில் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த தகரத்தின் உட்புறத்தில் அந்த ஆவி முத்து முத்தாகப் படிகிறது. மார்கழி விடியலில் கூட்டைத் திறந்து தகரத்தின் உட்பக்கம் கையை வைத்துப் பார்த்தால், ஒரு துளி மழை பெய்யாத நாளிலும் உள்ளங்கை நனையும். தகரத்தின் வரிப்பள்ளங்களுக்கு நேர் கீழே, யாளியின் முதுகிலும் யானையின் மத்தகத்திலும் வரிசையாகக் கறை விழுந்திருந்தால், அது இப்படிச் சொட்டிய நீர்தான்.

காஞ்சியின் நெசவாளர் வீடுகளில் இதை விளக்கத் தேவையே இல்லை. பட்டு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலகப் பட்டு வணிகத்தில் 11 சதவீத ஈரம் இயல்பென்று ஏற்றுத்தான் எடை கணக்கிடுகிறார்கள். அடைமழையில் குழித்தறியின் குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். பாவின் மேல் ஒரு சொட்டுக்கூட விழுந்திருக்காது, ஆனாலும் ஈரம் மேலே ஏறிவிடும். தேரும் அப்படித்தான்.

அதற்காகத் தகரமே வேண்டாம் என்று பொருளல்ல. பழைய கீற்றுக் கொட்டகைக்குள் காற்று தாராளமாகப் போய்வரும். ஆனால் அடிக்கடி வேய வேண்டும், ஒரு தீப்பொறி போதும் எல்லாம் சாம்பலாக. தகரம் வந்தது நியாயம்தான், மூச்சுவிட வழி வைக்காததுதான் பிழை. சுவரின் அடியில் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு எலியும் வௌவாலும் நுழையாத கம்பிவலை, கூரை முகட்டுக்கு அடியில் இன்னொரு திறப்பு. கீழே நுழையும் காற்று சூடேறி மேலே வெளியேறும். சாரல் புகாமலிருக்கக் கூரையை இரண்டடி வெளியே நீட்டினால் போதும். தார்ப்பாயை மரத்தின் மேலேயே சுற்றிக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் கெடுதல்.

மூச்சுவிட வழி வேண்டியது தேருக்கு மட்டுமல்ல. ஐரோப்பாவில் கிளைடர் எனப்படும் எஞ்சின் இல்லாத விமானங்களின் இறக்கைகளைக் கழற்றி, மூடிய டிரெய்லருக்குள் வைத்துக் காரில் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். பழைய மர கிளைடர்கள் சிலவற்றை ஒட்டிய பால்புரதப் பசை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து வலுவிழக்கும். அங்கும் டிரெய்லரில் காற்றுத் திறப்புகள் வைக்கிறார்கள்.

அடுத்தது, “தேக்கு மக்காது, இலுப்பை மக்காது” என்ற நம்பிக்கை. வைரம் பாய்ந்த உள்மரத்துக்கு அது ஓரளவு பொருந்தும். அதே மரத்தின் வெளிப்புற வெள்ளைக்குப் பொருந்தாது. வெட்டுமுகம் வழியாகத் தண்ணீர் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சப்படும். ஆகவே சிதைவு முதலில் தெரிவது சிற்பத்தின் முகத்தில் அல்ல, கழுந்தும் துளையும் சேரும் மூட்டில். அங்கே இரும்புப் பட்டையும் ஆணியும் இருந்தால் இன்னும் மோசம். இரும்பு துருவாகும்போது பருத்து, மரத்தைப் பிளந்துவிடும்.

மேலே பளபளக்கும் வார்னிஷை நம்பிப் பயனில்லை. தச்சர் கொட்டாப்புளியால் மூட்டருகே தட்டுவார். நல்ல மரம் ‘டங்’ என்று பேசும், மக்கியது ‘தொப்’ என்று அடங்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஊசியால் குத்துவார். வார்னிஷ் பூச்சைத் தாண்டியதும் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் அரை விரற்கடை இறங்கினால், அந்தத் துண்டுக்கு வைத்தியம் கிடையாது. நல்ல மரம் தெரியும்வரை வெட்டியெடுத்து, நன்கு உலர்ந்த மரத்தில் புதுத்துண்டு செய்து கழுந்து சேர்க்க வேண்டும். பட்டி வைத்துப் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். சிலிக்கானும் அப்படியே. தகரத்தில் திருகு இறங்கிய ஓட்டைக்கு அது உதவும், தேரின் மர மூட்டுக்கு உதவாது. அதன் மேல் பெயின்டும் ஒட்டாது, பழைய சிலிக்கானின் மேல் புதியதும் பிடிக்காது. புளித்த காடி வாடை அடிக்கும் வகை என்றால் நாகம் பூசிய தகரத்தையே அரிக்கும்.

“நிற்கிற தேருக்கு என்ன ஆகும், ஓய்வுதானே” என்றும் சொல்வார்கள். திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு நின்றுபோய் 1970-இல்தான் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் அச்சும் பிரேக்கும் பொருத்தித் தந்தது. இரும்புச் சக்கரம் கரையானுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாரம் தாங்கினால் கிரீஸ் வற்றும், துரு புள்ளிபுள்ளியாக இறங்கும். மரச்சக்கரம் என்றால் மண்ணைத் தொடும் விளிம்பு வழியாகவே ஈரமும் கரையானும் ஏறும். சக்கரத்தைக் கருங்கல் பலகையின் மேல் நிறுத்தி, முட்டுக்கட்டை கொடுத்து, தரைக்கு வாட்டம் வைத்து நீரை வெளியேற்றினால் பாதி நோய் தீரும். செப்பனிட்ட தேருக்கு வெள்ளோட்டம் விடுவதும், பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் பார்த்துச் சான்று தருவதும் வழக்கத்தில் இருக்கிறது. அதே கவனம் ஓடாத மாதங்களிலும் வேண்டும்.

பெரிய செலவு எதுவும் இதற்குத் தேவையில்லை. மரத்தின் ஈரம் காட்டும் சிறு கருவி கைக்குள் அடங்கும். ஆடி, ஐப்பசி, தை என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அதே எட்டுப் பத்து மூட்டுகளில் ஊன்றி, எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். மழைக்காலத்தில் 18 காட்டிய மூட்டு தையில் 14-க்கு இறங்கினால் காற்று ஓடுகிறது. இறங்காமல் 24, 26 என்று ஏறினால் கூட்டைத் திறந்துவிட்டு, அந்த மூட்டுக்கு நேர் மேலே உள்ள தகரத்தை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும்.