சோழியை அறிவோம்: ஆனையூரிலிருந்து மண்டபம் வரை முழுமையான வழிகாட்டி

சோழி என்பது என்ன?

தாயத்துக்கு நாம் உருட்டும் சோழி, வெப்பமண்டலக் கடலில் வாழும் ஒரு சிறு நத்தையின் ஓடு. சித்த மருத்துவத்தில் பலகறை என்பார்கள். மாலத்தீவிலிருந்து கப்பல் கப்பலாக வங்காளத்துக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போய், அங்கெல்லாம் பணமாகவே புழங்கியது.

எங்கே தொடங்குவது?

மதுரை ஆனையூரில் கடல் இல்லையே என்று தயங்க வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய பல்லாங்குழியோடு நாலு சோழியாவது இருக்கும். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் இரவல் கேட்போம்.

எப்படிப் பார்ப்பது?

முதலில் முதுகு. மஞ்சள் கலந்த வெள்ளை நிறம், ஓரங்களில் புடைப்பு, கோணலான வடிவம் என்றால் அது பணச்சோழி. முட்டை வடிவில், முதுகைச் சுற்றிப் பொன்னிறக் கோடு ஓடினால் அது வளையச் சோழி.

இனி மல்லாத்துவோம். நீளவாக்கில் ஒரு பிளவு, இரு கரையிலும் வரிசையாகப் பற்கள். இவை மெல்லுகிற பற்கள் அல்ல, ஓட்டின் விளிம்பில் எழும்பிய மேடுகள். குட்டியாக இருக்கும்போது உதடு மெலிந்திருக்கும், சுருள் வெளியே தெரியும். வளர்ந்ததும் உதடு உள்ளே மடங்கித் தடித்துவிடும். அதன்பின் ஓடு நீளாது. முதுகு தேய்ந்து ஓட்டை விழுந்த சோழி கிடைத்தால் விடாதீர்கள். மறைந்திருக்கும் சுருளை அந்த வழியே பார்த்துவிடலாம்.

அடுத்து பளபளப்பு. நத்தை தன் சதைப்போர்வையை இருபுறமிருந்தும் ஏற்றி ஓட்டை மூடிக்கொள்ளும். மெருகு பூசுவது அதுதான். அலையில் உருண்ட ஓடு மங்கிவிடும். ஆகவே, கடையில் மின்னும் சோழி பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டது. இது தெரிந்தபின் புதிதாக வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

கடலுக்குப் போக

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் செல்லும் ரயில் அல்லது பேருந்தில் ஏறி மண்டபத்தில் இறங்குவோம். கடல்நீர் வடிந்திருக்கும் நேரம் பார்த்துக் கரையோரம் நடக்கலாம். ஓடு கண்ணில் பட்டால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து முதுகு, வாய், பக்கவாட்டு என மூன்று படம் எடுப்போம். ஓடு அங்கேயே இருக்கட்டும். காலி ஓட்டில் துறவி நண்டு குடியேறும்.

எவ்வளவு செலவு?

வீட்டுச் சோழிக்குச் செலவே இல்லை. பத்து மடங்கு காட்டும் கை லென்ஸ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பேருந்தைவிட ரயிலின் சாதாரண வகுப்பு மலிவு. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டால் வேறு செலவில்லை.

எச்சரிக்கை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கும். அனுமதியின்றி நுழையக் கூடாது, எதையும் எடுக்கவும் கூடாது.

கூம்பு வடிவ ஓடு கண்டால் தொடவே வேண்டாம். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே நத்தை இருக்கலாம். அது நஞ்சு ஊசியால் குத்தும். சில வகைகளின் நஞ்சு ஆளையே கொல்லும். குத்திவிட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.