வேருக்கும் மூச்சு உண்டு: வீட்டு நீர்த்தோட்டத்தில் நீரோட்டமும் காற்றூட்டமும்

முன்னுரை

வேர் நாள் முழுவதும் நீரில் கிடக்கிறது. இலையோ நண்பகலில் துவண்டு தொங்குகிறது. வீட்டில் மண்ணில்லாமல் கீரை வளர்ப்போர் பலரும் இதைக் கண்டிருப்பர். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரம் சேர்ப்பர். செடி மேலும் வாடும். பெரும்பாலான நேரங்களில் அங்குக் குறைந்திருப்பது உரமன்று, காற்றே.

ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரை 1937-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் வழக்கிற்குக் கொண்டு வந்தார். மண் இல்லாமல் செடி வளரும் என்பது இன்று யாருக்கும் வியப்பில்லை. காற்று இல்லாமல் வேர் வாழாது என்பதுதான் பலருக்கும் நினைவில் நிற்பதில்லை. மாடத்தில் ஒரு சிறு தோட்டம் அமைக்க விரும்பும் மாணவர்களுக்காக, நீரை எப்படி ஓட்டுவது, அதில் எப்படிக் காற்றைச் சேர்ப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1. வேர் ஏன் மூச்சு விடுகிறது?

இலை பகலில் ஆக்சிஜன் எனப்படும் உயிர்வாயுவை வெளியிடுகிறது என்று பள்ளியில் படித்தோம். வேருக்கு ஒளியும் இல்லை, பச்சையமும் இல்லை. அது இலை அனுப்பும் சர்க்கரையை உயிர்வாயுவின் துணையோடு எரித்து ஆற்றல் பெறுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டே உரச்சத்துகளை உள்ளிழுக்கிறது. உயிர்வாயு குறைந்தால் சத்தை மட்டுமன்று, நீரையும் வேரால் சரிவர உறிஞ்ச முடியாது. நீரில் நின்றபடியே செடி வாடுவதன் காரணம் இதுவே. அந்நிலை நீடித்தால் வேர் பழுப்பாகி வழவழத்து நாறும்; அழுகல் நோய்க் கிருமிகள் எளிதில் குடியேறும். நலமான வேர் வெண்மையாக இருக்கும்.

2. நம் வெப்பம் தரும் சிக்கல்

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் உயிர்வாயு உண்டு. ஒரு லிட்டர் நீரிலோ மிகச் சிறிதளவே கரையும். அதுவும் வெப்பம் ஏற ஏறக் குறையும். நீர் 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை தாங்கும். 25 பாகையில் 8.3, 30 பாகையில் 7.5. மறுபுறம், வெப்பம் 10 பாகை கூடினால் வேரின் மூச்சு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதாவது தேவை கூடும் வேளையில் கையிருப்பு குறைகிறது. குளிர்நாட்டுப் புத்தகங்களில் உள்ள அமைப்பை அப்படியே சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வைத்தால் ஏமாற்றம் வருவது இதனால்தான்.

1990-களில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கொங் குழுவினர் வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு, குளிரூட்டிய உரக்கரைசலைப் பனிபோலத் தெளித்து, குளிர்நாட்டு லெட்டூஸ் வகைகளை இங்கேயே வளர்த்துக் காட்டினர். இலை வெயிலில் இருந்தாலும் வேர் குளிர்ந்தும் காற்றோட்டத்தோடும் இருந்தால் போதும் என்பதே அதன் பாடம். நம் வீட்டில் குளிரூட்டும் கருவி வேண்டியதில்லை. தொட்டியை நிழலில் வைத்து, வெளிப்புறத்தை வெள்ளையாக்கினாலே நல்ல பயன் கிட்டும்.

3. நீரோட்டம் வேறு, காற்றூட்டம் வேறு

இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவது பொதுவான குழப்பம். நீரோட்டம் உரத்தை எல்லா வேர்களுக்கும் சமமாகப் பகிர்கிறது. ஓரிடத்தில் தீர்ந்த உயிர்வாயுவுக்கு ஈடாக வேறிடத்து நீரைக் கொண்டு வருகிறது. ஆனால் அது புதிய உயிர்வாயுவை உண்டாக்காது. உயிர்வாயு நீருக்குள் நுழைவது காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பின் வழியாகத்தான். பம்பின் வாய் தொட்டியின் அடியிலேயே மூழ்கியிருந்தால் நீர் சுற்றும். காற்றோ சிறிதளவே சேரும். அதே நீர் ஒரு சாண் உயரத்திலிருந்து கொட்டினால் பரப்பு உடைந்து காற்று கலக்கும். எனவே ‘எவ்வளவு பெரிய பம்பு?’ என்று கேட்கும் முன், ‘நீர் காற்றை எங்கே சந்திக்கிறது?’ என்று கேட்க வேண்டும்.

நீரே ஓடாத முறையும் ஒன்று உண்டு. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய அம்முறையில், செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மூடிக்கும் நீருக்கும் இடையே உருவாகும் ஈரமான இடைவெளியில் மேல்வேர்கள் மூச்சு விடும். வேர் தேடுவது ஓட்டத்தையன்று, காற்றையே என்பதற்கு இதுவே சான்று.

4. காற்றூட்டும் வழிகள்

அ) காற்றுக்கல்: மீன்தொட்டிக் காற்றுப் பம்பும் காற்றுக்கல்லும் மிக எளிய வழி. குமிழி சிறியதாக இருப்பது நல்லது. 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குமிழியை 2 மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் 27 கிடைக்கும். காற்றின் அளவு அதுவே, பரப்போ மூன்று மடங்கு. சிறு குமிழிகள் மெல்ல ஏறுவதால் நீரோடு கூடுதல் நேரம் இருக்கும்.

ஆ) கொட்டும் நீர்: திரும்பும் குழாயை நீர்மட்டத்திற்கு மேலே நிறுத்தினால் தனிச் செலவின்றிக் காற்று சேரும்.

இ) மெல்லிய நீர்ப்படலம்: சாய்வான குழாயின் அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் மட்டும் நீர் ஓடும். வேரின் மேற்பகுதி காற்றில் இருக்கும். ஒரு மீட்டருக்கு 2.5 முதல் 3 சென்டிமீட்டர் சரிவு போதும்.

5. பம்பைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு

நான்கு பிவிசி குழாய்கள்; ஒவ்வொன்றுக்கும் நிமிடத்திற்கு 1.5 லிட்டர் எனக் கொள்வோம். மொத்தம் நிமிடத்திற்கு 6 லிட்டர். மணிக்கு 360 லிட்டர். நீரை 1 மீட்டர் உயர்த்த வேண்டும். பெட்டியின் மேல் ‘1200 லிட்டர், உச்ச உயரம் 1.5 மீட்டர்’ என்று இருந்தால், அந்த 1200 லிட்டர் உயரமே இல்லாதபோது கிடைப்பது; 1.5 மீட்டரில் ஒரு சொட்டும் வராது. ஆக, 1 மீட்டரில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 400 லிட்டர் கிடைக்கும். நம் தேவைக்கு இது சரியாக இருக்கும்.

மிகப் பெரிய பம்பும் கேடுதான். மூழ்கு பம்பின் ஆற்றல் நீரில் வெப்பமாகவே சேர்கிறது. வெப்பம் வெளியேறாவிட்டால், 15 வாட் பம்பு 40 லிட்டர் நீரை மணிக்கு 0.3 பாகை அளவுக்குச் சூடாக்கும்.

6. கவனிக்க வேண்டியவை

மின்சாரம் நின்றால் நீர்ப்படல முறையில் நண்பகல் வெயிலில் வேர் விரைவில் உலரும். குழாயின் முடிவில் ஒரு சிறு தடுப்பு வைத்தால் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். குழாயில் உள்ள மீதி நீர் தொட்டிக்குத் திரும்புமாதலால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பலாகாது. காற்றுப் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். இல்லையேல் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிடும். மின்கம்பியை மின்செருகிக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழியும் நீர் செருகியை எட்டாது.

ஒளி படும் கரைசலில் பாசி வளரும். இரவில் அதுவும் உயிர்வாயுவை உண்ணும். எனவே ஒளி புகாத தொட்டியே ஏற்றது.

கொசுவை மறக்கக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். நீர் ஓடினாலும் மூலைகளில் அசையாத நீர் இருக்கும். எல்லாத் துளைகளையும் மூடி, திறப்புகளில் நுண்வலை கட்ட வேண்டும். டிங்கிக் காய்ச்சல் நம் வீட்டோடு நிற்பதில்லை.

7. செய்து பார்க்க

ஒளி புகாதபடி மூடிய இரு போத்தல்களில் ஒரே அளவு உரக்கரைசலை ஊற்றி, ஒரே வயதுள்ள லெட்டூஸ் நாற்றுகளை வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டம் குறையாமல் நிரப்பி வாருங்கள். ஒன்றில் மட்டும் காற்றுக்கல் இடுங்கள். இரு வாரங்களுக்கு வேரின் நிறம், நீளம், நண்பகலில் இலையின் நிலை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பிறகு இதையே கங்கோங் கீரையில் செய்யுங்கள். அதன் உள்ளீடற்ற தண்டு மேலிருந்து வேருக்குக் காற்றைக் கடத்துவதால் வேறுபாடு குறைவாக இருக்கும். புதிதாகத் தொடங்குவோருக்குக் கங்கோங் ஏற்றது என்பதன் காரணமும் அப்போது விளங்கும்.

முடிவுரை

சுருங்கச் சொன்னால், நீரை ஓட்டுவது உரத்தைப் பகிர. நீரை உடைப்பது உயிர்வாயுவைச் சேர்க்க. வெப்பமான நம் நாட்டில் இரண்டாவது பணியே முதன்மையானது. செடி வாடினால் உரப்புட்டியை எடுக்கும் முன் மூடியைத் திறந்து வேரைப் பாருங்கள். அதன் நிறமும் மணமும் சொல்வதை இலை சில நாள் கழித்துத்தான் சொல்லும்.